பல் பத்திரம்

ஜப்பானில் ஒரு குச்சி ஐஸ் விற்கிறார்கள். 1973லிருந்து விற்பனையில் இருக்கும் பிரபலமான சரக்கு. கெட்டியாக உறைந்திருக்கிறது, பல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உறையிலேயே அச்சடித்திருப்பார்கள். ரேஷன் அரிசிச் சோற்றில் கல் கடித்து வளர்ந்த பல் எனக்கு. ஐஸ் என்ன செய்துவிடும் என்று வாயில் வைத்தேன். சிறிது நேரம் கழித்து என் கணவர், "கடிக்கிறியா, சும்மா பிடிச்சிட்டு நிக்கிறியா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் காலியாக இல்லை.

அந்த ஐஸுக்குள் இருப்பது அஸுகி. உளுந்தைவிடச் சற்றுப் பெரிய, கருஞ்சிவப்பான பயறு. பக்கவாட்டில் சின்னதாக ஒரு வெள்ளைக் கோடு. தாவரவியல்படி பச்சைப்பயறு, உளுந்து, தட்டைப்பயறு எல்லாமே விக்னா என்ற ஒரே பேரினத்தில் இதற்கு அக்கா தங்கைகள். குடும்பத்தில் ஒருத்தி மட்டும் பெரிய இடத்தில் வாக்கப்பட்டு, மற்றவர்கள் சாம்பாரிலும் இட்லி மாவிலும் காலம் தள்ளுகிற கதைதான்.

வாக்கப்பட்ட இடத்தில் அவளுக்கு வேலை, இனிப்பாக இருப்பது. வேகவைத்துச் சர்க்கரை போட்டுக் கிளறினால் அன்கோ. இதை எதற்குள் வைக்கிறார்கள் என்பதைவிட எதற்குள் வைக்கவில்லை என்று கேட்பது சுலபம். டோரேமான் பூனை உயிரை விடுகிற தோராயாகிக்குள் அன்கோ. தெருமுனையில் சுடச்சுட விற்கும் தாய்யாகி என்ற மீன் வடிவப் பலகாரத்துக்குள்ளும் அன்கோ. செதில், வால், கண் எல்லாம் அச்சாக இருக்கும், மீன் மட்டும் இருக்காது. தாமிரபரணிக் கரையில் பிறந்தவளை இப்படி ஏமாற்றக் கூடாது. 1874ல் கிமுரா யாசுபேய் என்ற முன்னாள் சாமுராய் இதை பன்னுக்குள் வைத்தார். மறு வருடம் ஏப்ரலில் அதன் நடுவில் உப்பிட்ட செர்ரிப் பூவைப் பதித்து மேய்ஜி பேரரசருக்கே கொடுத்துவிட்டார்கள். வாள் பிடித்த கை பன் பிசைந்த அந்தக் கடை இன்றும் டோக்கியோவின் கின்சாவில் இருக்கிறது.

பயறை இனிப்பாக்குவதைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. சுசியத்துக்குள் பாசிப்பருப்பையும் வெல்லத்தையும் வைத்து எண்ணெயில் போடுகிற கூட்டம் நாம். ஆனால் நாம் யாரும் பாசிப்பருப்பை நம்பி வீட்டை அடமானம் வைத்ததில்லை. இங்கே வைத்திருக்கிறார்கள். நாட்டு அஸுகியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வடகோடியில், ஹொக்கைடோவில் விளைகிறது. அங்கே ஒரு கோடை குளிர்ந்துபோனால் விளைச்சல் படுத்துவிடும், விலை எகிறும். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் முன்பேரச் சந்தைச் சூதாடிகள் இதற்கு 'சிவப்பு வைரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நகைக்கடையில் காட்ட வேண்டியதைப் பலசரக்குக் கடையில் காட்டிய ஆட்கள்.

பணக்காரர்கள் மட்டும் இல்லை, பேயும் இதன் பின்னால் அலைகிறது. அஸுகி-அராய் என்று ஒரு பேய். ராத்திரியில் ஓடைக்கரையில் உட்கார்ந்து சளக் சளக்கென்று அஸுகி கழுவும். சத்தம் வந்த இடத்தைத் தேடிப் போனால் கால் வழுக்கித் தண்ணீரில் விழவேண்டியதுதான். பேய் என்றால் ஒரு லட்சியம் வேண்டாமா? நம் ஊர்ப் பேய்கள் புளியமரத்தில் ஏறும், ஆளைப் பிடிக்கும், சுருட்டுக் கேட்கும். ராத்திரியோடு ராத்திரியாகப் பயறு கழுவி வைக்கிற பேய் எங்கள் தெருவுக்கு வந்திருந்தால் ஒரு பொம்பிளையும் பூசாரியைக் கூப்பிட்டிருக்க மாட்டாள். மறுநாளைக்குப் புழுங்கலரிசியையும் எடுத்து வைத்திருப்பாள்.

இதைச் சமைக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் டோக்கியோவின் நிஷிகசாயில் எங்கள் அடுத்த வீட்டுப் பாட்டி. மற்ற பயறு மாதிரி ராத்திரி ஊறவைக்கத் தேவையில்லை. முதல் கொதியில் வரும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், துவர்ப்பு போய்விடும். மறுபடி கொதிக்கும்போது நடுவில் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீரை ஊற்றி, பயறைத் திடுக்கிட வைக்க வேண்டும். நன்றாக வெந்து குழையும் முன் சர்க்கரை பட்டால் கோபித்துக்கொண்டு அப்படியே விறைத்துவிடும். அதனால் சர்க்கரையைத் தவணை முறையில் கொடுக்க வேண்டும். கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு. நவோமி கவாசே எடுத்த 'அன்' என்ற 2015ஆம் வருடப் படத்தில் ஒரு கிழவி பானைமேல் குனிந்து அஸுகி பேசுவதைக் கேட்பாள். சினிமாக்காரர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்திருந்தேன். பாட்டியும் குனிந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்குக்கூட நாங்கள் இவ்வளவு செய்ததில்லை.

இந்த நிலைமையில்தான் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்தாள்.

அடுப்படியில் பாட்டி கொடுத்த அஸுகிப் பொட்டலம் இருந்தது. "ஏட்டி, இது நம்ம தட்டப்பயறுல்லா" என்றாள். சென்னைக்காரர்கள் காராமணி என்பார்களே, அது. இல்லம்மா, இது வேற என்று நான் ஆரம்பிப்பதற்குள் பயறு குக்கருக்குள் போய்விட்டது. முதல் தண்ணீர் கொட்டப்படவில்லை. யாரும் திடுக்கிட வைக்கப்படவில்லை. மூன்று விசில். இங்கத்துக் குக்கர்கள் கூவாது, அம்மா பெட்டியில் கொண்டுவந்தது கூவும். மூன்றாவது விசிலுக்குப் பாட்டி வாசலில் நின்றார், எல்லோரும் நலமா என்று விசாரிக்க.

மூடியைத் திறந்தால் தோல் பிரிந்து, பாதி கூழாகி, சுண்டலுக்கும் துவையலுக்கும் நடுவில் ஏதோ இருந்தது. "தோலு பிரிஞ்சிட்டே" என்றேன். "வெந்துட்டுல்லா?" என்றாள் அம்மா. கடுகு, வத்தல், பெருங்காயம், தேங்காய்த்துருவல். வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவாளா? பாட்டி ஒரு கரண்டி வாயில் வைத்தார். வெல்லப்பாகு என்று நம்பிப் புளிக்குழம்பைக் குடித்த முகம் ஒரு நொடி வந்து, உடனே மடித்து உள்ளே வைக்கப்பட்டது. "அபூர்வமான ருசி" என்று குனிந்தார். கிண்ணத்தையும் காலி செய்தார். அது ஜப்பானிய மரியாதை. அம்மா மறுபடி ஒரு கரண்டி வைத்தாள். அது நம்முடையது. இரண்டு மரியாதைகள் எதிரெதிரே நின்றால் யார் ஜெயிப்பது என்று எனக்குப் பயமாகிவிட்டது. அம்மாவுக்குத் தன் கைப்பக்குவத்தில்தான் திருப்தி இல்லை. "பயறு சரியில்ல, ஒரு மாதிரி இனிச்சுக் கிடக்கு" என்றாள்.

அம்மாவுக்கு இங்கேதான் அறுபது முடிந்தது. ஜப்பானிலும் அறுபது என்றால் ஒரு சுற்று முடிந்து மறுபடி பிறந்த கணக்கு. நம் பிரபவ, விபவ சமாச்சாரம் மாதிரியே இவர்களுக்கும் அறுபதாண்டுச் சக்கரம் இருக்கிறது. கேள்விப்பட்ட பாட்டி, விசேஷத்துக்குச் செய்கிற செகிஹான் கொண்டுவந்தார். வழக்கமாகப் பசையரிசியும் அஸுகியும் சேர்த்து ஆவியில் வேகவைத்த சிவப்புச் சோறு, மேலே எள்ளும் உப்பும்.

அம்மா ஒரு பயறைத் தனியாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். தோல் முழுசாக இருந்தது. பாட்டி விளக்கினார். அஸுகி வேகும்போது வயிறு கிழியும். வயிற்றைக் கிழித்துக்கொள்வது சாமுராய்களின் சொந்த விவகாரம் என்பதால், டோக்கியோ எடோவாக இருந்த காலத்தில் அதை நல்ல காரியத்துக்குச் சேர்க்க மாட்டார்களாம். பெரிய ரகமான தைனகோன் அவ்வளவு சுலபத்தில் கிழியாது. தைனகோன் அரசவைப் பிரபுவின் பட்டம், பிரபுக்கள் வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டியதில்லை, அதனால்தான் பயறுக்கும் அந்தப் பட்டம் என்று ஒரு கதை. பாட்டியின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பழைய டோக்கியோ. அவர்கள் வீட்டில் செகிஹானுக்கு அஸுகியே கிடையாது. தோல் கிழியாத சஸாகே என்ற பயறுதான்.

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அம்மா பயறைக் கடித்துப் பார்த்துவிட்டாள்.

"தட்டப்பயறு! நல்ல பயற வீட்டுல வச்சுக்கிட்டா இந்த அம்மா அன்னைக்கு நம்ம சுண்டலைத் தின்னாவ? ஏட்டி, எந்தக் கடையில வாங்குனாவன்னு கேளு."