பூவின்மேல் இருந்தவளைக் காணோம்

ராமகுப்பம் கடைத்தெருவில் நின்று "அலமேலு!" என்று ஒரு குரல் கொடுத்தால், திரும்புகிற அம்மாள் "ஏன்" என்பாரா, "ஏமி" என்பாரா, "ஏனு" என்பாரா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சித்தூர் மாவட்டத்தின் அந்த மூலை அப்படி. கொஞ்சம் தெற்கே போனால் தமிழ்நாடு, கொஞ்சம் மேற்கே போனால் கர்நாடகம். பக்கத்துக் குப்பத்தில் 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகம் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே பட்டம் வாங்காமல் மூன்று மொழியிலும் வம்பளந்து கொண்டிருந்தார்கள்.

அலமேலு என்ற பெயரை ஆரம்பித்து வைத்தவர் திருப்பதிக்காரரே இல்லை. தாமிரபரணிக் கரையில் புளியமரத்தடியை விட்டு நகரவே இல்லை என்று மரபு சொல்கிற நம்மாழ்வார், திருவாய்மொழியில் வேங்கடத்தானைப் பாடும்போது, அவன் மார்பில் குடியிருப்பவளை அலர்மேல் மங்கை என்றார். இமைப்பொழுதும் பிரியமாட்டேன் என்று சொல்லி ஒட்டிக்கொண்டவளாம். அழகான பெயர். ஆனால், தண்ணீர்க் குடம் எடுத்துவரச் சொல்லிக் கூப்பிட இவ்வளவு நீளம் எதற்கு? ஜனங்கள் வெட்டினார்கள். வெட்டியவர்கள் பெண்ணை அல்லவா வெட்டிப் போட்டுவிட்டார்கள்! மங்கை கழன்றாள்; 'அலர்மேல்' தேய்ந்து அலமேலு ஆயிற்று. அதாவது, "பூவின்மேல்". பூவின்மேல் யார்? இன்றுவரை எந்தத் தகப்பனும் கேட்கவில்லை. மிச்சத்தையும் வீணாக்காமல் இன்னொரு பெண்ணுக்கு மங்கா, மங்கம்மா என்று வைத்துக்கொண்டார்கள். தெலுங்கு நாட்டில் அலமேலு அலிவேலு. மைசூர்ப் பக்கம் அலமேலம்மா.

இமைப்பொழுதும் பிரியாத அந்தத் தாம்பத்தியம் தலபுராணத்தில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். பிருகு முனிவர் பெருமாள் மார்பில் எட்டி உதைத்தார். உதைத்தவரின் காலைப் பிடித்துவிட்டு, "பாதம் வலிக்கிறதா?" என்று விசாரித்தார் பெருமாள். உதை விழுந்ததோ மகாலட்சுமி குடியிருந்த வீட்டில். வீட்டுக்காரர் இந்த லட்சணம் என்றால் குடியிருப்பவள் என்ன செய்வாள்? கிளம்பிவிட்டாள். தேடி வந்தவர் வேங்கடமலையில் புற்றுக்குள் ஒண்டினார். பிறகு, ஆகாசராஜன் ஏர் உழுதபோது தாமரையில் கிடைத்த பத்மாவதியைக் கண்டு மயங்கி, குபேரனிடம் கடன் வாங்கி நாராயணவனத்தில் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கடனுக்கு வட்டி இன்னும் உண்டியலில் விழுந்துகொண்டிருக்கிறது. அண்ணனான கோவிந்தராஜர் கீழ்த் திருப்பதியில் மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பது, காசு அளந்து களைத்துப்போய்த்தான் என்கிறார்கள். கல்யாணக் கடன் வாங்கிய தகப்பன்மார் நிறைந்த ஜில்லாவில் இந்தச் சாமிக்குச் செல்வாக்கு இருப்பதில் ஆச்சரியம் என்ன?

கடைசியில், பத்மாவதி என்கிற அலர்மேல்மங்கைத் தாயார் திருச்சானூரில் தனிக்குடித்தனம்; ஐயா மலைமேல். ஆண்டுதோறும் கார்த்திகைப் பிரம்மோற்சவத்தில், பஞ்சமி தீர்த்தத்தன்று, மலையிலிருந்து பட்டும் மஞ்சள் குங்குமமும் சீராக ஊர்வலம் வருகிறது. சண்டையில் ஜெயித்தது யார் என்பதைச் சீர் எந்தத் திசையில் போகிறது என்பதை வைத்து நீங்களே முடிவு செய்யலாம்.

தானம் கொடுத்தால் பெயர் நிற்கும் என்பார்கள். பத்தாம் நூற்றாண்டில் சாமவை என்ற பல்லவ அரசி, திருமலைக்கு ஒரு வெள்ளித் திருமேனியும் நகைகளும் நிலமும் கொடுத்தாள். இன்றும் இரவு ஏகாந்த சேவையில் கட்டிலில் பள்ளிகொள்பவர் அந்த வெள்ளிப் பெருமாள்தான். கல்வெட்டும் இருக்கிறது. ஆனால், உங்களுக்குத் தெரிந்து எந்த வீட்டிலாவது சாமவை என்று ஒரு பெண் உண்டா?

அலமேலுவுக்குக் கிடைத்த மாதிரி ஆள் சாமவைக்குக் கிடைக்கவில்லை. கடப்பைப் பக்கம் தாள்ளபாக்கத்தில் பிறந்த அன்னமாச்சாரியார் (1408–1503) முப்பத்திரண்டாயிரம் பாட்டு எழுதினாராம். அதில் அலமேலுமங்கையின் வெட்கம், ஊடல், நடை, கொண்டை என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு தெலுங்குக் கவி தமிழ்ப் பெயரை இத்தனை முறை உச்சரித்தால் அது தெலுங்காகாமல் என்ன செய்யும்? பாட்டுகளைச் செப்பேடுகளில் வெட்டி மலைக்கோயிலில் ஒரு அறையில் வைத்தார்கள். அப்புறம் எல்லோரும் சேர்ந்து மறந்தார்கள். 1922-இல்தான் ஏடுகள் வெளியே வந்தன.

மேற்கே போன அலமேலு வேறு ரகம். ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஆண்ட விஜயநகரப் பிரதிநிதி திருமலராஜாவின் மனைவி அலமேலம்மா. 1610-இல் ராஜ உடையார் ஊரைப் பிடித்தார். பிடித்ததோடு நிற்காமல் அம்மாளின் நகைக்கும் ஆள் அனுப்பினார் என்கிறது கதை. அவள் காவிரியில் குதிக்குமுன் மூன்று சாபம் விட்டாள்: தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் ராஜாவுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும். தலக்காட்டில் கோயில்கள் மணலில் புதைந்து கிடப்பதைப் போய்ப் பார்க்கலாம். மூன்றாவதற்குப் பயந்து அரண்மனையிலேயே அவளுக்குச் சிலை வைத்துக் கும்பிட்டார்கள். 2015-இல்கூட உடையார் குடும்பம் வாரிசைத் தத்துதான் எடுத்தது.

இருபதாம் நூற்றாண்டில் அரசாங்கங்கள் வந்தன. திருப்பதி யாருக்கு என்று தமிழரும் தெலுங்கரும் மல்லுக்கட்டினார்கள். 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. திருப்பதி அங்கேயே நின்றது. மலைக்காக இத்தனை கூச்சல் போட்டவர்கள் தாயாரின் தமிழ்ப் பெயருக்காக ஒரு தீர்மானம்கூடப் போட்டதாகத் தெரியவில்லை. ஆந்திரத்தில், 1983-இல் திருப்பதியில் தொடங்கிய மகளிர் பல்கலைக்கழகம் பத்மாவதி பெயரில். செகந்திராபாத்திலிருந்து வரும் ரயிலும் பத்மாவதி எக்ஸ்பிரஸ். அலமேலுவுக்கு ஒரு பாசஞ்சர் வண்டிகூட இல்லை. தமிழ்நாட்டிலோ நாடகக்காரர்களும் சினிமாக்காரர்களும் அவளுக்கு மடிசார் கட்டிவிட்டு, "அலமேலு மாமி" என்று சிரிப்புக்கு வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எந்த அம்மா துணிந்து வைப்பாள்?

பெண் பிறந்து, எண்கணிதக்காரர் வாசலில் 'ஷ'வுக்கும் 'ஹா'வுக்கும் வரிசையில் நிற்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அலமேலு பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள். வைப்பதென்று ஆகிவிட்டால் அலர்மேல்மங்கை என்று முழுசாக வையுங்கள். ஆதார் அட்டையில் இடம் இருக்கிறது.