வலமா, இடமா, டப்பாவா? ரே ஏரிச் சுற்றுப் பயணத் திட்டமிடல் குறித்த ஓர் ஆய்வு

கலிபோர்னியாவின் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவில், ரோட்ஸ் எண்ட் என்னும் இடத்தில் தார்ச்சாலை முடிகிறது, சச்சரவு தொடங்குகிறது. அங்கிருந்து மூட்டையோடு புறப்பட்டு, ரே ஏரிகளைக் கண்டு, சுமார் 3,650 மீட்டர் உயரமுள்ள க்ளென் கணவாயைக் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பாதை ஏறக்குறைய 66 கிலோமீட்டர். நடப்பதற்கு நான்கைந்து நாள் போதும். திட்டமிட எத்தனை நாள் ஆகும் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பல குடும்பங்களில் அது இன்னும் முடியவில்லை.

இத்துறையில் இரு மரபுகள் உள. பாரடைஸ் பள்ளத்தாக்கு வழியே வலஞ்சுழியாகச் செல்க என்பர் ஒரு சாரார். ஏற்றம் மெல்ல வரும், உடல் உயரத்துக்குப் பழகும் என்பது அவர் கருத்து. அது பொருந்தாது, பப்ஸ் ஓடை வழியே இடஞ்சுழியாகச் சென்று செங்குத்தைத் தொடக்கத்திலேயே ஏறித் தொலைத்தால் கடைசியில் முழங்கால் பிழைக்கும் என்பர் மறு சாரார். கோடைத் தொடக்கத்தில் கணவாயின் வடசரிவில் பனி கிடக்கும், பனியில் இறங்குவதைவிட ஏறுவதே மேல் என்று வலக்கட்சி மறுக்கும். ஆகஸ்டில் வாருங்கள் என்று இடக்கட்சி முடிக்கும். வடகலை தென்கலை வழக்கில் வாழ்நாளைக் கழித்தவர்கள் இதைக் கேட்டால் ஆறுதல் அடைவர். புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதால், எப்படிச் சுற்றினாலும் மொத்த ஏற்றம் ஒன்றே, மொத்த இறக்கமும் ஒன்றே. இந்தக் கணக்கை இரு கட்சியாருமே விரும்புவதில்லை.

எந்தத் திசையை விரும்பினாலும் பயனில்லை. கோடைக் காலத்தில் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று அனுமதிச் சீட்டுக்கு வரம்பு உண்டு. இரண்டு வழிகளின் தொடக்கத்துக்கும் ஒதுக்கீடு தனித்தனி. மாதக்கணக்கில் வாதாடி வலக்கட்சி வென்ற வீட்டுக்கு, பப்ஸ் ஓடைச் சீட்டே கிடைக்கும். எனவே திசை என்பது கொள்கையன்று, மிச்சம் இருப்பது.

இனி நாள் கணக்கு. இதை ஏரிகளின் அழகு தீர்மானிக்கிறது எனக் கருதுவோர் கரடி டப்பாவைக் கண்டிராதவர். இங்குள்ள கருங்கரடிகள் மரத்தில் கட்டித் தொங்கவிட்ட சாப்பாட்டை இறக்கிக்கொள்ளக் கற்றுவிட்டன. ஆகவே கரடியால் திறக்க முடியாத கெட்டியான டப்பா இப்பாதையில் கட்டாயம். பரவலாகப் பயன்படும், திருகுமூடி போட்ட பெரிய வகை ஒன்றின் கொள்ளளவு 11.5 லிட்டர், வெறும் டப்பாவே ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். இரவில் அதைக் கூடாரத்திலிருந்து தள்ளித் தரையில் வைக்க வேண்டும். கயிறு கட்டக் கூடாது. கட்டினால் கரடிக்குக் கைப்பிடி செய்து கொடுத்ததாகும். முகாம்கள் சிலவற்றில் இரும்புப் பெட்டிகள் உள்ளனவே, டப்பா எதற்கு எனின், பெட்டி நிறைந்திருக்கும் இரவு உம்முடைய இரவாக அமையும் என்க.

உணவு மட்டும் அதில் அடங்கினால் போதாது. பற்பசை, சன்ஸ்கிரீன், உதட்டுக் களிம்பு, தின்று முடித்த காகிதக் குப்பை என மணம் உள்ள யாவும் உணவே. இங்கே வரையறை கரடியினுடையது. சிப்ஸ் பாக்கெட்டில் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவது இத்துறையில் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. முதல் நாள் இருட்டுமுன் தின்று தீர்ப்பது டப்பாவுக்குள் போக வேண்டியதில்லை. இச்சலுகையைப் பிடித்துக்கொண்டு முதல் நாள் பகலிலேயே இரண்டு நாள் தீனி தின்போரும் உளர். அவர் பப்ஸ் ஓடை ஏற்றத்தில் காணக் கிடைப்பர்.

மூடி மூடினால் ஐந்து நாள்; மூடாவிட்டால் நான்கு. ஏரிக்கரையில் ஓய்வு நாள் என்று அட்டவணையில் எழுதியது மூடி திருகும்போதே அடிபட்டுவிடும்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலிருந்து வரும் தமிழர் முன் ஒரு சிக்கல் தனியாக நிற்கிறது. முறுக்கு பெரும்பாலும் காற்று. அதை நொறுக்கிப் போட்டால் இடம் மிச்சம், ஆனால் அது முறுக்கா என்ற கேள்வி எழும். தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காக உட்காரும். முறுக்கை ஆதரிப்போர் இதற்கு இதுவரை மறுப்பு எழுதவில்லை.