புகைக்கு மார்க் போட்ட கதை

எதை வேண்டுமானாலும் ருசி பார்த்து மார்க் போடலாம் என்று உலகத்தில் ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. ஒயினில் ஆரம்பித்து, காபி, ஆலிவ் எண்ணெய் என்று நகர்ந்து, சுருட்டு வரை வந்துவிட்டார்கள். சிகார் அஃபிஷியனாடோ என்ற அமெரிக்கப் பத்திரிகை 1992 முதல் சுருட்டுகளுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டுக்கொண்டிருக்கிறது. தொண்ணூறைத் தாண்டினால் ரேங்க் ஹோல்டர். ரொம்பக் குறைந்தால், அந்தச் சுருட்டு அடுத்த நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

துபாயிலிருந்து லீவில் வந்த என் மச்சான் இந்தப் பரீட்சைக்கு எக்ஸாமினராக மாறி வந்திருந்தான். கையில் ஒரே ஒரு ஹவானா சுருட்டு. அது படுத்துறங்க ஒரு மரப்பெட்டி. அதன் நுனியை வெட்டத் தனியாக ஒரு கத்தி. "இதையெல்லாம் கண்ட இடத்துல பத்த வைக்கக் கூடாது மாப்ள. எழுபதுக்கு எழுபது வேணும்" என்றான். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம், வெப்பம் 70 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 21 டிகிரி. சித்திரை மாத நாமக்கல்லில் இந்த இரண்டு எழுபதையும் தேடினால் கிடைக்காது. பெட்டியைத் திறந்தால் சுருட்டு முறுக்காகிவிடும்.

அதனால் கொல்லிமலைக்குக் கிளம்பினோம். அங்கே மூன்றாவதாக ஒரு எழுபதும் இலவசமாகக் கிடைத்தது: காரவள்ளியிலிருந்து மேலே போகும் ரோட்டின் 70 கொண்டை ஊசி வளைவுகள். மச்சான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அதைத் தட்டிக்கொடுத்தான். பக்கத்தில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்த என்னை யாரும் தட்டிக்கொடுக்கவில்லை. இத்தனைக்கும் நான் புகைப்பவன் இல்லை. அவன் சொல்வதை நோட்டில் எழுத வந்தவன்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. இதே மலையில் கிழக்கே புளியஞ்சோலைப் பக்கம் இறங்கி, துறையூர் வழியாகப் போனால் திருச்சி. அங்கே உறையூரில் சுருட்டு உருட்டியே தலைமுறைகள் பிழைத்திருக்கின்றன. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலிலேயே, கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலை வைத்து, கொலைகாரன் பிடித்தது திருச்சி சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். அவர் 140 வகைப் புகையிலைச் சாம்பலைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியவராயிற்றே! கொலை செய்யப் போகிற அவசரத்திலும் சரக்கில் சமரசம் செய்துகொள்ளாத ஆள் அந்தக் கொலைகாரன். சர்ச்சிலும் நம்ம சுருட்டுக்கு ரசிகர் என்று திருச்சிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

மச்சானிடம் சொன்னேன். "அதெல்லாம் லோக்கல்" என்று முடித்துவிட்டான். லண்டன் வரை போய் ஒரு கொலைக்கேஸில் சாட்சி சொல்லிவிட்டு வந்தாலும் லோக்கல், லோக்கல்தான்.

சோளக்காடு தாண்டி ஒரு தோட்டத்து வீட்டில் தங்கினோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. கீழே காபிச் செடிகள். திண்ணையில் பரீட்சை தொடங்கியது.

முதலில் கண். மேலே சுற்றியிருக்கும் இலையில் நரம்பு புடைத்திருக்கக் கூடாது. லேசாக எண்ணெய் மினுக்கு வேண்டும். அடுத்து விரல். நுனியிலிருந்து நுனி வரை அமுக்கிப் பார்த்தான். எங்காவது தொளதொளவென்றிருந்தால் உள்ளே இலை குறைகிறது. கல் மாதிரி இருந்தால் இழுவை வராது. பிறகு மூக்கு. பிறகு பற்ற வைக்காமலே ஒரு இழுப்பு. "என்ன தெரியுது?" என்றேன். "வைக்கோல்" என்றான் பரவசமாக. எழுதிக்கொண்டேன்.

அப்புறம் நுனியை வெட்டினான். திருச்சி சுருட்டுக்கு இந்த வேலையே கிடையாது. இரண்டு பக்கமும் வெட்டித்தான் வரும், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வாயில் வைக்கலாம். ஹவானாவுக்கு ஒரு பக்கம் தொப்பி உண்டு. தொப்பியைக் கொஞ்சமாகச் சீவ வேண்டும். கூடுதலாகச் சீவினால் சுற்றிய இலை பிரிந்துகொள்ளும். தீக்குச்சியைக் கிழித்து, கந்தக நெடி அடங்கும் வரை காத்திருந்து, சுடர் படாமல் சூடு மட்டும் படும்படி சுருட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். இதற்குள் மூன்று குச்சிகள் காற்றில் அணைந்தன. நான்காவதில் பிடித்தது.

நிமிஷத்துக்கு ஒரு இழுப்புதான். அவசரப்பட்டால் சூடேறிக் கசக்கும். புகையை நெஞ்சுக்குள் இறக்கக் கூடாது. வாயில் வைத்திருந்து, கொஞ்சத்தை மூக்கு வழியாக விட வேண்டும். சாம்பல் ஒரு அங்குலமாவது உதிராமல் நின்றால், உள்ளே நீள இலையாக வைத்துச் சுற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தூள் இலை என்றால் சட்டைமேல் கொட்டிவிடும். சுருட்டை மூன்று பாகமாகப் பிரித்து, பாகத்துக்கொரு குறிப்பு எழுத வேண்டும்.

மச்சான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் பாகம்: தோல், தேவதாரு. இரண்டாம் பாகம்: வறுத்த காபி, கோகோ, லேசாகத் தேன். நடுவில் ஒரு நிமிஷம் மாட்டுத்தொழுவம். இது புகார் என்று நினைத்து நான் மூஞ்சியைச் சுளித்தேன், பாராட்டாம். மூன்றாம் பாகம்: கருமிளகு. அதைச் சொல்லும்போது அவன் குரல் தழுதழுத்தது.

நோட்டைத் திரும்பப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. இதில் எந்த இடத்திலும் புகையிலை வாசனை என்று ஒரு வார்த்தை இல்லை. புகைக்குக் கிடைக்கிற உச்சபட்சப் பாராட்டே, அது புகை மாதிரி இல்லை என்பதுதான்! நல்ல இட்லியைப் பற்றி யாராவது "அடடா, செருப்பு வாசனை, பின்னால் கொஞ்சம் பலாப்பழம்" என்று சொல்வார்களா? இட்லி இட்லி மாதிரி இருந்தால் போதும். நம் நாட்டுச் சட்டப்படி புகையிலை டப்பாவின் 85 சதவீத இடம் எச்சரிக்கைப் படத்துக்குப் போய்விடுகிறது. மீதி 15 சதவீதத்தில் இத்தனை வாசனையும் எப்படித்தான் குடித்தனம் நடத்துகின்றனவோ.

"தொண்ணூத்தி ரெண்டு" என்று மச்சான் தீர்ப்புச் சொன்ன நேரத்தில் தோட்டத்துப் பெரியவர் வந்தார். திண்ணை ஓரமாக உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்தார். காதோரம் வைத்து ஒரு உருட்டு, ஒரே குச்சி, பற்றிக்கொண்டது. அவருக்குக் காற்றும் தெரிந்த ஆள் போலிருக்கிறது.

"உங்க சுருட்டு எப்படிங்கய்யா?" என்று நோட்டைத் திறந்தேன்.

"காரமா இருக்குதுங்."

"வேற ஏதாவது வாசனை? தோல், தேன், அந்த மாதிரி?"

"பொகல வாசம் வருதுங்" என்று என்னைப் பார்த்தார். வேறென்ன வரும் என்ற கேள்வியும் அந்தப் பார்வையில் இருந்தது. எத்தனை மார்க் என்றும் கேட்டேன். "பரவால்லீங்" என்றார். இந்தப் பக்கத்தில் அது எண்பதிலிருந்து நூறு வரை எதுவாகவும் இருக்கலாம்.

மச்சான் பெருந்தன்மையாகத் தன் சுருட்டின் வாசனையை அவருக்குக் காட்டினான். "மிளகு தெரியுதுங்களா? கடைசில நிக்கும் பாருங்க."

பெரியவர் முகர்ந்து பார்த்தார். "என்ன வெலைங் சாமி?"

மச்சான் சொன்னான். நாலாயிரத்துச் சொச்சம்.

பெரியவர் கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினார். பிறகு முற்றத்தில் பாயில் காய்ந்துகொண்டிருந்த கொடிமிளகைப் பார்த்தார்.

"ஆறு கிலோ மொளகு வருமுங்க. அத்தனையும் கொளுத்திப்போட்டா, அதுல மொளகு வாசம் வருதுன்னு சந்தோசப்படறீங்க?"

மச்சான் நோட்டை வாங்கி, தொண்ணூற்று இரண்டை அடித்துவிட்டுத் தொண்ணூறு என்று போட்டான். அந்த இரண்டு மார்க் எதற்குப் போனது என்று கேட்டேன். விலைக்காம்.