மிளகின் குடியுரிமை

வியட்நாம் மிளகு இந்தியாவுக்கு நேராக வந்தால் சுங்கவரியே ஏறக்குறையப் பாதி விலைக்கு வரும். அதுவே கொழும்பில் இறங்கி, சாக்கு மாற்றி, ‘பிறந்தது இலங்கை’ என்ற சான்றிதழோடு தூத்துக்குடிக்கு வந்தால் வரி ஒடுங்கிவிடும். 2000-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் புண்ணியம். மனிதர்களுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் குடியுரிமை கிடைப்பதில்லை.

2017 டிசம்பரில் டெல்லி விழித்துக்கொண்டது: கிலோ 500 ரூபாய்க்குக் கீழே இறக்குமதி கூடாது. வெளியே மலிவாகக் கிடைத்த சரக்கு, பில்லில் மட்டும் 500-ஐத் தொட்ட கதைகள் அதன்பிறகு கிளம்பின.

கிடங்கில் சின்ன மொத்த வியாபாரி குத்தூசியால் மூட்டையைக் குத்தி, கையில் உதிர்ந்ததைத் தேய்த்து முகர்கிறார்.

“வயநாடா, வியட்நாமா?” என்கிறார் வாங்க வந்தவர்.

“பில்லுல இலங்கை, அண்ணாச்சி.”