காசானுக்குப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, டாக்டருக்குப் படிக்க ருஷ்யாவுக்குப் போறியாமே. உங்கம்மை ஊறுகாயும் கம்பளிச் சட்டையும் கட்டி வச்சுட்டா. எங்கிட்டக் கட்டித் தர என்ன இருக்கு, வாய்தான் இருக்கு. ‘சோவியத் நாடு’ பத்திரிகையோட வழவழ தாளைக் கிழிச்சு நோட்டுக்கு அட்டை போட்டவன்லே நான். பாடத்தை விட அட்டையைத்தான் நல்லாப் படிச்சேன். கேட்டுக்கோ.

நிலம் 1 கோடியே 71 லட்சம் சதுர கிலோமீட்டர். நம்ம இந்தியாவைத் தூக்கி உள்ள வச்சா அஞ்சு தடவை வைக்கலாம். சனம் 14 கோடிச் சொச்சம், நம்ம தமிழ்நாட்டைப் போல ரெண்டு பங்குக்குள்ளதான். அதுலயும் முக்காவாசி யூரல் மலைக்கு மேற்கே ஒதுங்கிக் கெடக்கு. கிழக்கே சைபீரியாவுல எண்ணெய், எரிவாயு, வைரம்னு சகலமும் இருக்கு, ஆளுதான் இல்ல. எப்படி இருக்கும்? யாகுத்ஸ்க்னு ஒரு ஊர்ல மண்ணு வருஷம் பூரா உறைஞ்சே கெடக்கும். வீட்டைத் தரையோட கட்டினா வீட்டுச் சூட்டுக்கு மண்ணு இளகிச் செவரு சாஞ்சிரும்னு, தூணு நட்டுத் தரைக்கு மேல தூக்கிக் கட்டுதாங்க.

நாட்டுக்குள்ள நேரம் மட்டும் 11 வகை. கலினின்கிராடுக்காரன் ராத்திரி பாய விரிக்கப்போ கம்சாட்காக்காரன் காலைல பல்லு வெளக்கிக்கிட்டு இருப்பான். மாஸ்கோவுல ரயிலேறி விளாதிவஸ்தோக்குல எறங்க 9,289 கிலோமீட்டர், ஒரு வாரம் ஆகும். வேடிக்கை என்னன்னா, 2018 வரைக்கும் அந்தக் கடைக்கோடி ஸ்டேஷன்லயும் மாஸ்கோ நேரந்தான். வெளிய சூரியன் உச்சியில நிக்கும், உள்ள கடிகாரம் விடியக்காலம் அஞ்சு மணிங்கும். சூரியனுக்குத்தான் வெவரம் பத்தலைன்னு விட்டுட்டாங்க போல. அந்த நாட்டு ஆட்சி எப்படின்னு எவனும் கேட்டா நான் அந்தக் கடிகாரத்தைத்தான் காட்டுவேன்.

இம்புட்டு அகலத்தை ஒத்தக் கைதான் கட்டி ஆளணும்னு காலம் காலமாச் சொல்லிட்டு வாராங்க. 1547-ல இவான் ‘ஜார்’னு பட்டம் கட்டிக்கிட்டான். அஞ்சு வருஷம் கழிச்சு, நீ போற காசானைப் பிடிச்சான். அப்புறம் பீட்டர் வந்தான். ஐரோப்பாக்காரன் மாதிரி மழுமழுன்னு இருக்கணும்னு தாடிக்கு வரி போட்டான். கட்டினவனுக்குச் செப்பு வில்லை குடுத்தாங்க. உன் மூஞ்சியில மொளைச்சிருக்கே நாலு முடி, அதுக்கும் வில்லை வாங்கியிருக்கணும். 1867-ல அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காக்காரனுக்கு வித்தாங்க. பின்னால அங்க தங்கம் அகப்பட்டுது. அந்த வயித்தெரிச்சலை விடு.

ஒத்தக் கை பிடிச்சும் 1917-ல ஒரு தடவை, 1991-ல ஒரு தடவை எல்லாம் நழுவிப் போச்சு. ரெண்டாம் தடவை 15 நாடாச் செதறிச்சு. மிச்சமானதே இன்னும் உலகத்துல பெருசு! இதைச் சொன்னா, ‘கையை இன்னும் இறுக்கிப் பிடிச்சிருக்கணும்’பாங்க.

இப்பவும் 1993-ல எழுதின அரசியல் சட்டம் உண்டு, 450 பேர் உக்காருற டூமாங்கிற கீழ்சபை உண்டு, மேல்சபை, கோர்ட்டு எல்லாம் உண்டு. தாள்ல ஒரு குறை சொல்ல முடியாது. தொடர்ந்து ரெண்டு தடவைக்கு மேல அதிபரா இருக்கக் கூடாதுன்னு அதுல இருந்துது. 2008-ல புதின் எறங்கிப் பிரதமர் ஆனாரு, மெத்வதேவ் அதிபர் ஆனாரு. 2012-ல திரும்ப மாத்திக்கிட்டாங்க. நம்மூர்ல பெண்கள் வார்டுல பொஞ்சாதியை நிறுத்திட்டு, நாற்காலியில தான் உக்காந்துக்கிடுதானே, அதே வித்தை. 2020-ல பழைய கணக்கையே அழிச்சுட்டு, 2036 வரைக்கும் இருக்கலாம்னு சட்டத்தைத் திருத்தியாச்சு.

நீ ஒண்ணு செய்யி, வாயைக் கட்டு. 2022-ல உக்ரைன் மேல ஏறினாங்களே, அதைச் சண்டைன்னு சொல்லிறாத. ‘விசேஷ ராணுவ நடவடிக்கை’ன்னு அதுக்குப் பேரு. ராணுவத்தைப் பத்திப் பொய்யி சொன்னான்னு முடிவு கட்டிட்டா 15 வருஷம் வரைக்கும் உள்ள வச்சிருவாங்க. உனக்குப் படிப்பே ஆறு வருஷந்தான், பாத்துக்கோ. இன்னொண்ணு. ‘லேசான ஒத்தாசை வேலை, கை நெறையச் சம்பளம்’னு எந்த ஏஜெண்டாவது தாளை நீட்டினா கையெழுத்துப் போடாத. அப்படி நம்பிப் போன நம்ம நாட்டுப் பையன்களைக் கொண்டு போர்முனையில நிறுத்தினாங்க. சில பேரு பொணமாத்தான் வந்தாங்க. இது மட்டும் வெளையாட்டு இல்லலே.

மத்தபடி காசான் நல்ல ஊருதான். வோல்கா ஆத்தங்கரை, தாத்தார் முசல்மான்கள் நெறைய. கோட்டைக்குள்ளயே குல் ஷரீப் பள்ளிவாசலும் மாதா கோயிலும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். ருஷ்யன்னு நீ நெனைக்கிறவன்ல பல பேரு ருஷ்யன் இல்ல. 190-க்கு மேல இனம் இருக்கு. கல்மீக்கியான்னு ஒரு சீமை, ஐரோப்பாவுக்குள்ள இருந்துக்கிட்டுப் புத்தரைக் கும்பிடுது.

வாத்தியாரைக் கூப்பிடும்போது அவரு பேரோட அவங்க அப்பன் பேரையும் சேத்துக் கூப்பிடணும். நம்ம பள்ளிக்கூடத்துல அப்படிக் கூப்பிட்டிருந்தா முதுகுத் தோலு மிஞ்சியிருக்காது, அங்க அதான் மரியாதை. யாருக்காவது பூ குடுத்தா ஒத்தப்படையில குடு. ரெட்டைப்படை எழவு வீட்டுக்கு. யாருக்குக் குடுக்கப் போறேன்னு நான் கேக்கல. உங்கம்மை கேட்டா, தாத்தா சொல்லிக் குடுத்தாருன்னு என் பேரை மட்டும் இழுக்காத.