பலகை மாறலாம், பாத்தியதை மாறாது

கே: பழங்குடியினர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக 2023 தமிழக பட்ஜெட்டில் சொன்னார்கள். உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் காது கேளாத என் மகளின் கதி? (ஒரு தாய், வெள்ளிமலை)

ப: துறை மாறினால் பலகைக்குத்தான் புது பெயிண்ட், தாயே! 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசுப் பணம் வாங்கும் பள்ளி அத்தனைக்கும் பொருந்தும். உரிமை பிள்ளையின் பெயரில் இருக்கிறது. துறையின் பெயரில் இல்லை.

கே: மாணவர் குறைவென்று எங்கள் தொடக்கப் பள்ளியை அடுத்த ஊரோடு இணைத்தால்? என் பையனுக்கு நடக்க வராது. (கச்சிராயபாளையம்)

ப: தலையை எண்ணுகிற அதிகாரி காலையும் பார்க்கட்டும். அதே 16ஆம் பிரிவு வண்டி வசதி தரச் சொல்கிறது. அதிக உதவி தேவைப்படும் பிள்ளையென்றால் துணைக்கு வருபவருக்கும் சேர்த்து. பூட்டுக்கு முன்னால் வண்டி வரட்டும்!

கே: புதுப் பள்ளியில் சாய்தளம் இருக்கிறது. ஆனால் சக்கர நாற்காலி ஏறவில்லையே? (சங்கராபுரம்)

ப: டேப்பை எடுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் அதன் பெயர் கல்வராயன் மலை!

கே: சிறப்பாசிரியர் எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கிறார். (சின்னசேலம்)

ப: ஒரே ஆளைப் பல பள்ளிக்கு ஓடவிட்டால் வேறென்ன செய்வார்? தொடக்க நிலையில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று 2022இல் ஒன்றிய அரசு அறிவித்துவிட்டது. பணியிடங்களை உருவாக்கி அறிவியுங்கள் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவும் போட்டது. கணக்கு வந்துவிட்டது, ஆள்தான் வர வேண்டும்.

கே: “நிதி இல்லை” என்கிறார்களே? (தியாகதுருகம்)

ப: 2024-25இல் தமிழகத்துக்கான சமக்ர சிக்ஷா பள்ளிக் கல்வித் திட்ட நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தியது நிஜம். சிறப்புக் கல்விச் செலவும் அந்தத் திட்டத்தில்தான் அடக்கம். தில்லியும் சென்னையும் மல்லுக்கட்டட்டும். பிள்ளைக்கு வயது நிற்காதே!

கே: “வீட்டிலேயே படிக்கட்டும்” என்கிறார் தலைமையாசிரியர். (சேராப்பட்டு)

ப: கடும் பாதிப்புள்ள பிள்ளை விரும்பினால் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம். விரும்ப வேண்டியது பிள்ளை. வாசலைச் சாத்தப் பள்ளிக்குக் கொடுத்த சாவி அல்ல அது.

கே: எங்கள் பேச்சு எங்கே எடுபடும்? (கள்ளக்குறிச்சி)

ப: பள்ளி மேலாண்மைக் குழுவில். முக்கால் பங்கு பெற்றோர்தான்; உங்களைப் போன்றோருக்கு விகிதப்படி இடமும் உண்டு. பள்ளி இணைப்புப் பேச்சு வரும் நாளில் வேலையைப் போட்டுவிட்டுப் போய் உட்காருங்கள். வண்டி, சாய்தளம், ஆசிரியர் மூன்றையும் தீர்மான நோட்டில் ஏற்றிய பிறகே கையெழுத்து. வாயால் சொன்னது காற்றோடு போகும். நோட்டில் ஏறியது கோர்ட் வரை போகும்!