ஃபர்ஸ்ட் பேஜ் நான் பண்ணிடறேன்

ஆன்லைனில் பொறியியல் கணக்குப் பாடம் நடந்த 2021-இல், "குரூப் அசைன்மென்ட்" என்று மேம் சொல்லி வாயை மூடுவதற்குள் வாட்ஸ்ஆப்பில் ஒரு குழு உதயமாகிவிடும். பெயர் 'எம்-2 மாஸ்'. முகப்பில் உறுமும் சிங்கம். அதை ஆரம்பித்து, மற்ற நால்வரையும் கேட்காமலே சேர்த்துவிடுபவர்தான் நம்மவர். அவருடைய முதல் செய்தி, "ஹாய் கைஸ்." இரண்டாவது, "ஃபர்ஸ்ட் பேஜ் நான் பண்ணிடறேன் மச்சி."

இந்த இரண்டாவது செய்தியில் இருக்கும் ராஜதந்திரம் லேசானதல்ல. வேலை செய்ய மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. மற்றவர்கள் கேள்வித்தாளைத் திறக்கும் முன்பே முதல் ஆளாக வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இனி அவரிடம் போய் ஐகன் வேல்யூ கண்டுபிடி என்று யாரும் சொல்ல முடியாது. பாவம், அவருக்குத்தான் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறதே!

அந்த வேலையையும் அவர் ஏனோதானோவென்று செய்ய மாட்டார். நடுவில் கல்லூரி முத்திரை. சுற்றிலும் பார்டர்; வேர்டில் ஆப்பிள் பழம் வரிசையாக நிற்கும் அந்த பார்டர்தான் அவருக்கு இஷ்டம். அதன்கீழ் பாடக் குறியீடு, அதன்கீழ் பெயர்கள், 12 இலக்கப் பதிவு எண்கள். பெயர்கள் அகரவரிசையில் இருக்கும். அவர் பெயர் 'அ'வில் ஆரம்பிக்காவிட்டால் வேறு ஏதாவது வரிசையில் இருக்கும். எழுத்துரு எது என்பதற்குக் குழுவில் வாக்கெடுப்பு நடத்துவார். கணக்கு எதுவரை வந்திருக்கிறது என்று மட்டும் கேட்க மாட்டார். பிறர் வேலையில் தலையிடுவது அவருக்குப் பிடிக்காது.

கணக்கு என்னவோ அப்படியொன்றும் பூதமல்ல. 3x²+5y²+3z²−2xy+2xz−2yz என்ற குவாட்ரடிக் ஃபார்மை ஆர்த்தோகனல் டிரான்ஸ்ஃபர்மேஷன் மூலம் கனானிக்கல் ஃபார்முக்குக் கொண்டுவர வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவர்களில் இதை ஒருமுறையாவது போடாதவர் அநேகமாக இருக்க மாட்டார். மேட்ரிக்ஸ் எழுதி, ஐகன் வேல்யூ 2, 3, 6 என்று பிடித்து, மூன்றுக்கும் ஐகன் வெக்டர் எடுத்து, நார்மலைஸ் செய்து, 2y₁²+3y₂²+6y₃² என்று கொண்டுவந்து நிறுத்தினால் முடிந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் 16 மார்க் கேள்விக்கு ஏற்ற சரக்கு. குழுவில் இதைப் போடுபவர் ஒரே ஒருவர், படிப்ஸ். எந்தக் குழுவிலும் ஒரு படிப்ஸ் உண்டு. அவள் கையெழுத்து அச்சுப்போல் இருக்கும்; "நீங்க விடுங்க, நானே போட்டுடறேன்" என்பது அவளுடைய தேசிய கீதம்.

பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸிமிலியன் ரிங்கல்மான் கயிறு இழுக்கவிட்டு ஆராய்ந்து 1913-இல் ஒரு கணக்கு வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால், தனியாக இழுக்கும்போது போடும் பலத்தில் ஏறக்குறையப் பாதியைத்தான் ஒவ்வொருவரும் போடுகிறார்களாம். நம்மூர்த் தேர் வடத்தைப் பார்த்திருந்தால் அவருக்கு ஆராய்ச்சிச் செலவு மிச்சமாகியிருக்கும். வடத்தில் கையை வைத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு கூடவே நடந்து வருபவர்களுக்கும் தேர் இழுத்த புண்ணியம் உண்டல்லவா? நம்மவர் அந்தப் பரம்பரை. என்ன, அவர் நடந்தும் வருவதில்லை. மீட்டில் கேமராவை அணைத்து வைத்துவிட்டு, வடம் நகர நகரத் தம்ஸ்-அப் போடுவார்.

மேம் மட்டும் இதை அறியாதவரா? 60 பேர் வகுப்பில் தனித்தனியாக வாங்கினால் 60 பிடிஎஃப் திருத்த வேண்டும். ஐந்து ஐந்து பேராகப் பிரித்தால் 12. கூட்டுக் கற்றலின் மகிமை பற்றிக் கல்வியாளர்கள் ஆயிரம் சொல்வார்கள். அதன் ஆணிவேர் இந்த வகுத்தல் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து.

நம்மவருக்கு ஒரு தீராத வருத்தம் உண்டு. 2020 ஆகஸ்டில், கட்டணம் கட்டியிருந்தால் போதும், அரியர் பாஸ் என்று அரசு அறிவித்தபோது சீனியர்கள் முதல்வருக்கு நன்றி சொல்லி போஸ்டர் ஒட்டினார்கள். விவகாரம் அப்புறம் உயர் நீதிமன்றம் வரை போனது வேறு கதை. "ஒரு வருஷம் லேட்டாப் பொறந்துட்டேன் மச்சி" என்று இன்றைக்கும் பெருமூச்சு விடுவார். அடுத்த ஜனவரியில் மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி டேட்டாவை அரசு இலவசமாகத் தந்தபோதுதான் மனசு கொஞ்சம் ஆறியது. வகுப்புக்குக் கால் ஜிபி போக, மீதியை அவர் வீணாக்கியதே இல்லை.

இவ்வளவு படித்ததும் இவர் ஒரு தண்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடைசி நாள் ராத்திரி பத்தரை மணிக்கு அவரைப் பார்க்க வேண்டும்.

கெடு 11.59. ஐந்து பேருடைய பக்கங்களும் ஒரே கோப்பாகப் போக வேண்டும். ஒருவன் தலைகீழாகப் படமெடுத்து அனுப்பியிருப்பான். அதில் அவன் கட்டை விரலும் டீ டம்ளரும் சேர்ந்து விழுந்திருக்கும். கிராமத்தில் இருப்பவன் சிக்னலுக்காக மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றுகொண்டு, "போகுதுடா, போகுதுடா, 72 பர்சென்ட்" என்று வர்ணனை தருவான். கேம்ஸ்கேனர் 2020 ஜூனிலேயே டிக்டாக்கோடு சேர்ந்து தடையாகிவிட்டது. அதற்குப் பதில் எந்தச் செயலி, எதில் வாட்டர்மார்க் வராது, 18 எம்பியை 2 எம்பியாக்குவது எப்படி என்பதெல்லாம் நம்மவருக்கு விரல் நுனியில்.

ஐந்தாவது ஆள் போனை எடுக்கவில்லை. நம்மவர் அசரவில்லை. அவன் அம்மா எண்ணைக் கூப்பிட்டார். "ஆன்ட்டி, சாப்டீங்களா? அவன் தூங்கிட்டானா? இல்ல ஆன்ட்டி, ரெண்டே ரெண்டு பேஜ்தான். ஐயோ, திட்டாதீங்க ஆன்ட்டி, பாவம், எழுப்புனா போதும்." நான்காவது நிமிடம் இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தன. ஐகன் வேல்யூவை மூன்று நிமிடத்தில் கண்டுபிடிக்கும் படிப்ஸுக்கு இந்த ஜென்மத்தில் இது வராது.

பக்கங்களை அடுக்கும்போதுதான் அவர் முதன்முதலாகக் கணக்கைப் பார்த்தார். "ஏய், கேள்வில -2xy இருக்கு. மேட்ரிக்ஸ்ல நீ -1 போட்டிருக்க. தப்பா?"

"அது அப்படித்தான்."

"அப்படித்தான்னா?"

"ஃபார்முலா. நீ பேசாம மெர்ஜ் பண்ணு."

அவர் பேசாமல் இருக்கும் ரகமில்லையே. தப்பான பக்கத்துக்கு அவ்வளவு அழகான முகப்பா என்ற கவலை வேறு. யூடியூபைத் தேடி, அது புரியாமல், தண்ணீர்த் தொட்டிக்காரனைப் பிடித்து, அவனை இறங்கவிடாமல் விளக்கம் வாங்கிக்கொண்ட பிறகே மெர்ஜ் செய்தார். அனுப்பியபோது மணி 11.58.

மறு வாரம் மேம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். எல்லோருக்கும் வைவா. யாரும் தாம் எழுதிய பக்கத்தைச் சொல்லக் கூடாது. அடுத்தவர் பக்கத்தைத்தான் விளக்க வேண்டும். "வாய்ஸ் பிரேக் ஆகுது மேம்" என்று நம்மவர் ஒத்திகை பார்த்தார். "சாட்ல டைப் பண்ணுப்பா, நான் வெயிட் பண்றேன்" என்றார் மேம். அதுவும் போயிற்று. கேமராவையும் போடச் சொன்னதால், நம்மவருக்கு மீசை இருப்பது அன்றைக்குத்தான் வகுப்புக்குத் தெரிந்தது.

மேம் அவருக்குத் தந்தது மேட்ரிக்ஸ் பக்கம். "இங்கே ஏன் -1?"

"மேம், xy வந்தாலும் yx வந்தாலும் ஒண்ணுதான். முதல் ரோ ரெண்டாவது காலத்துல ஒருதடவை உட்காரும், ரெண்டாவது ரோ முதல் காலத்துல ஒருதடவை உட்காரும். -2-வை ஒரே இடத்துல கொடுத்துட்டா இன்னொரு இடம் சும்மா இருக்கும். அதான் ஆளுக்குப் பாதி."

ஆளுக்குப் பாதி! அந்தத் தத்துவத்தை வாழ்க்கையில் ஒரு நாளும் கடைப்பிடிக்காத வாயிலிருந்து அது வந்தது. இருந்தாலும் விளக்கம் தெளிவு. படிப்ஸே சொல்லியிருந்தால்கூட சிமெட்ரிக் மேட்ரிக்ஸ் என்று ஆரம்பித்து யாருக்கும் புரியாமல்தான் முடித்திருப்பாள். அவளுக்கு அந்த இடத்தில் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகம் எங்கே முளைக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நம்மவருக்கு முளைத்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது.

படிப்ஸுக்கு வந்தது முதல் பக்கம். மேம் சிரித்துக்கொண்டே, "கோர்ஸ் கோடு என்னம்மா?" என்றார்.

படிப்ஸ் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. "எம்.ஏ.8151 மேம்."

அது போன செமஸ்டர் பாடம். மேட்ரிக்ஸ் இருப்பது 8251-இல்.

நம்மவருக்குப் பத்துக்குப் பத்து. படிப்ஸுக்கு ஒன்பது. அன்று மாலை 6.10-க்கு அவள் 'எம்-2 மாஸ்' குழுவிலிருந்து வெளியேறினாள். 6.11-க்கு அட்மின் அவளைத் திரும்பச் சேர்த்தார். கூடவே ஒரு கேக் ஸ்டிக்கர், ஒரு செய்தி: "நெட்வொர்க் இஸ்யூ போல. யூனிட் டூ நீ ஸ்டார்ட் பண்ணிட்டியா?"